இருட்டு மதிப்பெண்

மருமகளாக வருகிறவளை வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள் என்பார்கள். நான் ஊருக்கே ஒரு விளக்கேற்றினேன். அதற்காக ஊர் என்னைத் திட்டியதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் இந்தக் கதையில் வேறு எதற்கும் இடம் இருக்காது.

ஊர் என்றால் நாற்பத்தொரு வீடு. பெயர் கல்லுமுனை. ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்பளம். தூத்துக்குடிக்குப் போக முப்பத்தெட்டு கிலோமீட்டர். நாங்கள் குடியிருக்கும் நிலம் கம்பெனியுடையதா சர்க்காருடையதா என்று என் அப்பா காலத்திலிருந்து வழக்கு நடக்கிறது. வழக்கு முடியாமல் பட்டா இல்லை, பட்டா இல்லாமல் கரண்டு இல்லை. இது நடந்தது 2046-இல். கார் தன்னைத் தானே ஓட்டிக்கொண்டு போகிற காலம். ஒரு மின்கம்பத்துக்கு மட்டும் எங்கள் ஊருக்கு வழி தெரியவில்லை.

அந்தக் கரண்டு இல்லாததற்குத்தான் எங்களுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள். முன்பெல்லாம் எது ஏழை ஊர் என்று கண்டுபிடிக்க ஆள் வருவான். நோட்டில் எழுதுவான். அவனுக்கு யார் கோழி அடித்துப் போட்டார்களோ அவர்கள் ஏழையாகிவிடுவார்கள். இந்த அநியாயத்தை ஒழிக்கச் சமநிலைத் துறை என்று ஒன்று வந்தது. முப்பது செயற்கைக்கோள்களை வானத்தில் விட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு எந்த ஊரிலிருந்து எவ்வளவு வெளிச்சம் மேலே வருகிறது என்று அவை பார்க்கும். வெளிச்சம் அதிகம் என்றால் வசதியான ஊர், இருட்டு அதிகம் என்றால் ஏழை ஊர். இருட்டுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண். எண்பதுக்கு மேல் வாங்கிய ஊர்களுக்குத்தான் தண்ணீர் லாரி, நடமாடும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வேன் எல்லாம். வானத்தில் இருக்கிறவனுக்குக் கோழி அடித்துப் போட முடியாது அல்லவா?

ஆனால் விளக்கை அணைக்க முடியும். முதல் வருஷத்தில் மாடி வீட்டுக்காரர்கள் செயற்கைக்கோள் கடக்கிற நேரம் பார்த்து மெயினை அணைத்தார்கள். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் பதினொரு நிமிஷம் இருட்டில் நின்ற கதையெல்லாம் உண்டு. அது தெரிந்ததும், எது எப்போது படம் எடுக்கும் என்பதைத் துறை ரகசியமாக்கிவிட்டது. கல்லுமுனைக்கு அந்தக் கவலை இல்லை. அணைக்க ஏதாவது இருந்தால்தானே? தொண்ணூற்றாறு மதிப்பெண், மாவட்டத்திலேயே முதல். ‘இருளில் முதலிடம்’ என்று எழுதிய ஷீல்டை எங்கள் ஊர்த் தலைவர் தாசையா வாங்கி வந்து கோயிலில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மதிப்பெண்ணால் எங்களுக்கு வந்ததில் பெரியது கிட்னி வண்டி. செவ்வாயும் வெள்ளியும் காலையில் வரும். உள்ளே நாலு நாற்காலி, நாலு மெஷின். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப உடம்புக்குள் விடும். எங்கள் அண்ணன் சூசையின் பெண்டாட்டி மரியபுஷ்பம், என் மைனி, அதில் முதல் நாற்காலி. நாற்பத்திரண்டு வயது. அந்த வண்டி இல்லையென்றால் இரண்டு வாரம் தாங்காது என்று டாக்டர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

உப்பளத்துப் பெண்களுக்கு ஏன் கிட்னி போகிறது என்று ஆராய்ச்சி பண்ண இரண்டு தடவை ஆட்கள் வந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மண் எடுத்தார்கள். என்னைக் கேட்டிருந்தால் உட்காராமலேயே சொல்லி அனுப்பியிருப்பேன். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும். உப்பளம் தட்டு மாதிரி கிடக்கும், மறைவுக்கு ஒரு செடி கிடையாது. அதனால் விடிகாலையில் வேலைக்கு இறங்கினால் வெயில் ஏறும்வரை நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். ஒரு தர்ம ஸ்தாபனம் கட்டிக்கொடுத்த கக்கூஸ் இருக்கிறது, வரப்பு மேல் இருநூறு மீட்டர் நடக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் அந்த வரப்பு ஓரத்தில் உப்பு லாரிகள் நிற்கும். டிரைவர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தடவை ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டாள். அன்றிலிருந்து சாயங்காலம் மூன்று மணிக்குப் பிறகு எந்த வீட்டுப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை.

என் மகள் ஆன்சிக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்தக் கணக்கை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூட வேனை விட்டு இறங்கி, உதடு காய்ந்துபோய் வருவாள். தண்ணீரை நீட்டினால், “வேண்டாம்மா, தாகமில்ல” என்பாள். தாகமில்லையாம். பங்குனி வெயிலில்.

“டார்ச் அடிச்சிட்டுப் போவலாம்லா?” என்று அண்ணன் ஒருநாள் கேட்டான்.

ஆம்பிளை கேட்கிற கேள்வி. மைனிதான் அதற்குப் பதில் சொன்னாள். “டார்ச் அடிச்சா நாம எங்க வாரோம்னு அவனுவளுக்குத் தெரியும். அவனுவ எங்க உக்காந்திருக்கானுவன்னு நமக்குத் தெரியாது. நின்னு எரியுத விளக்கா இருந்தா தூரத்துலருந்தே பாத்து, ஆளு கெடந்தா திரும்பிரலாம்.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீதான் பதினஞ்சு நாளு படிச்சிட்டு வந்தியே ஜெபா. ஒண்ணு செஞ்சு வையேன், பிள்ளையளாவது தண்ணி குடிக்கட்டும்.”

ஆமாம், படித்திருந்தேன். தூத்துக்குடியில் பெண்களுக்கு இலவசமாக சோலார் விளக்கு மாட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் குஜராத் உப்பளத்துக்குப் போய் ஆறு வருஷமாகிறது, போன் மட்டும்தான் வரும். வேறு தொழில் ஏதாவது கையில் இருக்கட்டும் என்று போனேன். சர்டிபிகேட்டில் ஜெபக்கனி என்று என் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள்.

தலைவரிடம் முதலில் கேட்டேன். மதிப்பெண் போய்விடக்கூடாதே. தாசையா தாடையைச் சொறிந்தார். “ஒத்த விளக்குல என்ன ஆவப்போவுது? மேல வெளிச்சம் போவாம மூடி கீடி போட்டுக்கோ” என்றார். இந்த வார்த்தையை அவர் பிறகு மறந்துவிட்டார்.

மூடிக்கிடந்த இறால் பண்ணையிலிருந்து ஒரு நாற்பது வாட் பேனல் கிடைத்தது. ஓரத்தில் கீறல், ஆனால் வெயிலில் காட்டினால் மீட்டரில் முள் ஏறியது. பேட்டரி ஒரு உடைந்த ஸ்கூட்டருடையது. பழைய பம்புக் குழாய்தான் கம்பம். ஒன்பது வாட் எல்இடியும் கன்ட்ரோலரும் மட்டும் கடையில் வாங்கினேன்.

“அது என்ன டப்பா?” என்று அண்ணன் கேட்டான்.

“இதுதான் மூளை. பேட்டரி நெறஞ்சா போதும்னு நிறுத்தும். காலியாவப் போச்சுன்னா விளக்க அணைக்கும். அப்புறம் பொழுது சாஞ்சா தானாப் போடும், விடிஞ்சா தானா அணைக்கும்.”

“பொழுது சாஞ்சது அதுக்கு எப்பிடித் தெரியும்?”

“பேனலுக்கு வெயில் படலன்னா பொழுது சாஞ்சிட்டுன்னு நெனச்சுக்கிடும். அதுக்கு வேற கண்ணு கெடையாது.”

கணக்குப் போட்டுத்தான் செய்தேன். விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிய எவ்வளவு வேண்டுமோ, அதைவிட ஒன்றரை மடங்கு பேனல் கொடுக்கும். பேனலைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்தேன். உப்புக் காற்று வயர் முனைகளைத் தின்றுவிடும் என்று வாஸ்லின் தடவினேன். எண்ணெய் டின்னை வெட்டி விளக்குக்குத் தொப்பி போட்டேன், ஒரு பொட்டு வெளிச்சம்கூட வானத்தைப் பார்க்காதபடி. தெற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றில் பேனல் பறந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், தினமும் உப்புத்தூசி துடைக்க எட்டவேண்டும் என்ற யோசனை ஒரு பக்கம். ஆகவே பேனலை விளக்குக்குக் கீழே, தலை உயரத்தில் மாட்டினேன்.

முதல் நாள் சாயங்காலம் ஊரே வந்து நின்றது. பொழுது சாய்ந்தது. விளக்கு எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். குலவை முடிவதற்குள் அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

“ஏ பிள்ள, ஒன் விளக்கு லாரிக்காரனப் பாத்துக் கண்ணடிக்கி!” என்று மைனி சத்தம் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அழுகையாக வந்தது. பிறகுதான் புத்தியில் பட்டது. விளக்கு எரிந்தால் வெளிச்சம் கீழே இருக்கிற பேனலில் விழுகிறது. விடிந்துவிட்டது என்று டப்பா நினைத்து அணைக்கிறது. அணைத்ததும் ராத்திரியாகிவிடுகிறது. பதினைந்து நாள் படித்த படிப்பு! மறுநாளே பேனலைக் கழற்றிக் கக்கூஸ் கூரைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு விளக்கு ஒழுங்காக நின்று எரிந்தது.

லாரிக்காரர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார்கள். வெளிச்சத்தில் குடிக்க அவர்களுக்கும் வெட்கம் இருக்கும்போல. நாலாம் நாள், ஆறு மணிக்கு ஆன்சி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். என் வாழ்நாளில் என் கையால் செய்த ஒரு காரியம் பலித்ததைப் பார்த்தது அன்றுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இருபத்திரண்டு நாள் அப்படி ஓடியது.

இருபத்திமூன்றாம் நாள் தாசையாவின் போனுக்குச் செய்தி வந்தது. கல்லுமுனையின் மதிப்பெண் எழுபத்தாறு. எண்பதுக்குக் கீழே இறங்கியதால் வருகிற செவ்வாய் முதல் நடமாடும் ஆஸ்பத்திரி நிறுத்தப்படுகிறது. தகுதியுள்ளவர்கள் தூத்துக்குடியில் பதிந்துகொள்ளலாம். அண்ணன் அன்றே போய்ப் பதிந்தான். மைனிக்கு அறுபத்திமூன்றாவது இடம் கிடைத்தது. குறைந்தது நாலு மாதம் ஆகும் என்றார்கள்.

திரும்பி வந்த அண்ணன் நேரே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனான். நான் ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“தள்ளிக்கோ ஜெபா. ஒன் விளக்குக்கு எம் பொண்டாட்டியப் பலி குடுக்க முடியாது.”

“ஒடைக்காண்டாம்ணே. நானே அணைக்கேன். மதிப்பெண் ஏறிரும்.”

அங்கேயே வயரைப் பிடுங்கினேன். கூடி நின்றவர்கள் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். குலவை போட்ட அதே வாய்கள். ‘படிச்ச திமிரு’ என்றாள் ஒருத்தி. ‘புருசன் கூட இல்லாதவளுக்கு ராத்திரி வெளிச்சம் கேக்குதாக்கும்’ என்றாள் இன்னொருத்தி. தாசையா, “நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்” என்றார். நாக்கில் நரம்பில்லை.

விளக்கு அணைந்தே கிடந்தது. மறுநாள் மதிப்பெண் எழுபத்தைந்து. அதற்கு மறுநாள் எழுபத்திமூன்று. ஊர் என்னைத் திரும்பிப் பார்த்தது. திருட்டுத்தனமாகப் போடுகிறாள் என்றார்கள். என் வீட்டுக்குள் வந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் பூட்டினார்கள். பேட்டரி பூட்டுக்குள் இருக்க, மதிப்பெண் எழுபத்தொன்றுக்கு இறங்கியது.

செவ்வாய் வண்டி வரவில்லை. வெள்ளி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைனியின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோனால் அண்ணன் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டான். உள்ளே விடவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் துறையிலிருந்து ஆள் வந்தார். தாசையா போட்ட மனுவுக்காக. பெயர் ரகுநந்தன், மதுரைக்காரர், ஒப்பந்த வேலை. முப்பது வயதுகூட இருக்காது. வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார். கம்பத்தைச் சுற்றிப் பார்த்தார். டின் தொப்பியைத் தட்டிப் பார்த்தார்.

“யார் மாட்டுனது?”

“நான்தான் சார்.”

“நல்லாத்தான் மாட்டிருக்கீங்க” என்றார். ஊர் முழுக்கக் கேட்க என்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு கோட்டைக் காட்டினார். “இந்தா பாருங்கக்கா. இது உங்க ஊரோட வெளிச்சம், ரெண்டு மாசத்துக்கு. இங்க ஏறுது, அப்பறம் இறங்குது. மறுபடி இங்க ஏறுது. இது என்னைக்குன்னு பாருங்க.”

பார்த்தேன். “பௌர்ணமி சார்.”

“இது?”

“அமாவாசை.”

“உங்க விளக்கு அமாவாசைக்கு லீவு போடுமா?” வரப்புக்கு அந்தப் பக்கம் கை நீட்டினார். “அது எப்பருந்து இங்க கிடக்குது?”

அங்கே உப்பு மலைமலையாகக் கிடந்தது. வழக்கமாக அள்ளிய உப்பு கம்பெனி யார்டுக்குப் போய்விடும். இந்த வருஷம் உப்பு விலை இறங்கியதால் லோடு ஏற்றுவதைக் குறைத்துவிட்டு, எங்கள் வீடுகளை ஒட்டியே குவிக்கச் சொன்னார்கள். இரண்டு மாதமாக ஒரு பனை உயரத்துக்குக் குவித்திருந்தோம். எங்கள் தலைச்சுமையில் போய்ச் சேர்ந்த உப்பு.

“நிலா வெளிச்சத்தக் கழிச்சுட்டுதான் செயற்கைக்கோள் கணக்குப் போடும். மண்ணு, ஓடு, மரம் எல்லாம் எவ்வளவு வெளிச்சத்தத் திருப்பி அனுப்பும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இவ்வளவு உப்பு வீட்டு வாசல்ல கிடக்கும்னு யாரும் சொல்லிக் குடுக்கல. நிலா உப்புல பட்டு மேல போனா, அதுக்குக் கல்லுமுனையில கடைவீதி தொறந்த மாதிரித் தெரியுது.”

“அப்போ எம் விளக்கு?”

“இந்தக் கோட்டுல உங்க விளக்கு ஒரு முடி கனம்.”

நான் ஊரைப் பார்த்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திமிர் என்றவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் முன்னால் வந்தான். “அப்போ உப்புதான் காரணம்னு எழுதுங்க சார். நாளைக்கு வண்டி வரட்டும்.”

ரகுநந்தன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “உப்புன்னு எழுத முடியாதுண்ணே. படிவத்துல ரெண்டே கட்டம். செயற்கை விளக்கு உண்டு, செயற்கை விளக்கு இல்ல. இல்லன்னு போட்டா, செயற்கைக்கோள்தான் தப்புன்னு ஆயிரும். பழைய மதிப்பெண்ணே நிக்கும், நாளைக்கே வண்டி வரும். உண்டுன்னு போட்டா செயற்கைக்கோள் சொன்னது சரின்னு ஆயிரும். உப்புக்கு ஒரு கட்டம் சேக்கச் சொல்லி எழுதிருக்கேன். வேற மூணு ஊருக்கும் இதே கதைதான். எழுதி ஒரு வருசமாச்சு.”

“அப்போ இல்லன்னு போட்டிருங்க” என்றேன். “வயரப் பிடுங்கியாச்சு, பேட்டரி பூட்டிக் கெடக்கு.”

“போட்டோ எடுக்கணும்க்கா. நாலு பக்கமும் கேமராவே சுத்தி எடுத்துக்கும். கம்பம், பேனல், ஒரு வயர் தெரிஞ்சாக்கூட உண்டுன்னு அதுவே போட்டுரும். நான் மறைச்சாலும் அது மறைக்காது.”

“இன்னைக்குக் கழத்திட்டு ஒரு வாரம் கழிச்சு மாட்டுனா?”

“ஒரு தடவ தகராறு வந்த ஊரத் தனியா எடுத்து வச்சுத் தெனமும் உத்துப் பாக்கும். நிலாவோட ஏறி இறங்கறதத் தப்புன்னு கழிச்சுரும். அதுக்கு மேல முடி கனம் ஏறுனாலும் வண்டி நின்னுரும். மனு வாங்க மாட்டாங்க. ஆளும் வர மாட்டான்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“திட்டம் இருக்கற வரைக்கும்.” என் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. “நாலு மணிக்குள்ள நான் அனுப்பணும். பேசி முடிவு பண்ணுங்க.”

பேச என்ன இருக்கிறது? ஊர் என்னைப் பார்த்தது, நான் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தேன். இந்தத் தடவை அவன் தடுக்கவில்லை. மைனிக்கு எல்லாம் கேட்டிருந்தது, பத்தடி தூரம்தானே. முகம் ஊறிப்போன அப்பம் மாதிரி இருந்தது. ஆன்சி ஓலை விசிறியால் அவளுக்கு வீசிக்கொண்டிருந்தாள்.

உள்ளதைச் சொல்கிறேன். அங்கே நிற்கும்போது நான் ஒன்றை எதிர்பார்த்தேன். மைனி பெரிய மனசு பண்ணுவாள். ‘விளக்கு இருக்கட்டும் ஜெபா, நான் வாழ்ந்து முடிச்சவ, பிள்ளையளப் பாரு’ என்பாள். விளக்கு வைக்கச் சொன்னதே அவள்தானே. அவள் அப்படிச் சொல்லிவிட்டால் நான் ஒரு மூச்சு அழுதுவிட்டு, கம்பத்தைத் தொடாமல் இருந்துவிடலாம். இப்படி நினைத்ததற்கு எனக்கு இன்றும் கூசுகிறது.

மைனி என் கையைப் பிடித்தாள். விரலெல்லாம் வீங்கி, பிடி நிற்கவில்லை.

“எனக்குச் சாவப் பயமா இருக்கு ஜெபா” என்றாள். ஒரு மூச்சு வாங்கினாள். “அதக் கழத்திரு. நான் கும்பிடுதேன், கழத்திரு.”

ஆன்சி விசிறுவதை நிறுத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “கழத்திரும்மா. நான் முன்ன மாதிரியே இருந்துக்கிடுவேன்” என்றாள்.

கழற்றினேன். ஒருவரையும் தொடவிடவில்லை. கக்கூஸ் கூரையேறிப் பேனலை இறக்கினேன். ஸ்பேனர் போட்டுக் கிளாம்பைத் தளர்த்தி, டின் தொப்பியோடு விளக்கை எடுத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது ரகுநந்தன்தான். குழாயை அசைத்து அசைத்துப் பிடுங்கி, குழியில் மண்ணைப் போட்டு மிதித்தேன். வயர்த் துண்டு ஒன்று கிடந்தது, அதையும் பொறுக்கி இடுப்பில் செருகினேன். கேமரா நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டியது. மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு ‘செயற்கை விளக்கு இல்லை’ என்று படிவம் போனது. மாலையே தொண்ணூற்றாறு என்று செய்தி வந்தது. தாசையா கோயில் மணியை அடித்தார்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. மைனியை நாற்காலியோடு தூக்கிப்போய் ஏற்றினோம். நாலு மணி நேரத்தில் இறங்கி நடந்து வந்தாள். அன்று சாயங்காலமே ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “வெளிச்சம் இருக்கும்போதே வா ஆன்சி, அத்த கூட வாரேன்” என்றாள். அதற்குப் பிறகு ஒருநாள் தவறாமல் ஐந்தரை மணிக்குச் சின்னப் பெண்களையெல்லாம் திரட்டி வரப்புமேல் கூட்டிக்கொண்டு போவாள். ஐந்தரைக்குப் போய்விட்டு வந்தால் விடியும்வரை அடக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். இதில் அவளை நான் என்ன குற்றம் சொல்ல? அவளால் ஆனதை அவள் செய்தாள். லாரிகள் பழைய இடத்துக்கே வந்து நின்றன.

பேனலைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். ஒரு வருஷத்தில் உப்புக் காற்று பட்டு பின்பக்கம் கொப்பளித்துவிட்டது. பழைய இரும்புக்காரனிடம் போட்டேன்.

அது நடந்து ஐந்து வருஷம். ரகுநந்தன் எழுதிய உப்புக் கட்டம் படிவத்தில் இன்னும் வரவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்வி. மைனி இருக்கிறாள், இன்றும் முதல் நாற்காலி அவளுடையதுதான். இரண்டாவது நாற்காலி தாசையாவின் தம்பி மகளுக்கு. என்னைத் திமிர் என்றவளுக்கு மூன்றாவது. ஆன்சி பத்தாவது முடித்ததும் என்னோடு உப்பளத்துக்கு வந்துவிட்டாள். வேலைக்குக் கெட்டிக்காரி. அரைப் பாட்டில் தண்ணீரை மத்தியானம் வரை வைத்துக்கொள்வாள், திரும்பும்போது அதிலும் பாதி இருக்கும். போன தையிலிருந்து கால் வீங்க ஆரம்பித்தது. நின்று வேலை செய்வதால் என்றாள். நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை வண்டியில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். இன்று செவ்வாய், முடிவு சொல்லுகிற நாள். சிஸ்டர் சகாயராணி நல்ல மாதிரி, ஐந்து வருஷமாக இந்த வண்டியில்தான் வருகிறாள். என்னையும் ஆன்சியையும் உள்ளே கூப்பிட்டு, காலியாக இருந்த நாலாவது நாற்காலியில் ஆன்சியை உட்காரச் சொன்னாள். காகிதத்தை எனக்குக் காட்டினாள். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். முதல் நாற்காலியில் ஊசி ஏறிய கையோடு இருந்த மைனி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“வாரத்துக்கு ரெண்டு தடவ. இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்” என்றாள் சிஸ்டர். நான் விழுந்துவிடாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “அழாதிய அக்கா. மத்த ஊரு மாதிரி நீங்க பயப்படவே வேண்டாம், ஒங்களுக்கு வண்டி நிக்காது. ஒங்க ஊரு மார்க்கு இன்னும் அந்தத் தொண்ணூத்தாறுதான்.”